கண்டாச்சிபுரத்து யந்திர வைத்தியம்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களுக்கு வழியிலுள்ள ஊர்கள் கண்ணில் படுவதில்லை. விழுப்புரத்தில் பஸ் ஏறியதும், அண்ணாமலையின் சிகரம் எப்போது தெரியும் என்பதிலேயே மனம் லயித்துவிடுகிறது. காணை வருகிறது, போகிறது. கெடார் வருகிறது, போகிறது. கண்டாச்சிபுரத்தில் பஸ் நின்றால் ஒரு டம்ளர் டீக்கும் ஒரு பொட்டலம் கடலைக்கும் அவகாசம் கிடைக்கும் என்ற அளவில்தான் அந்த ஊர் பிரயாணிகளின் ஞாபகத்தில் இருக்கிறது. அப்புறம் வேட்டவலம், அதைத் தாண்டினால் மலைதான். அருணாசலேசுவரருக்கு முன்னால் மற்ற ஊர்கள் எம்மட்டு என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் கண்டாச்சிபுரத்தில் இறங்கி ஒரு பகல் தங்கியவர்களுக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்லவும் கொஞ்சம் இருக்கும்.

தென்னாற்காடு ஜில்லா என்று நம் பெரியவர்கள் இன்னும் வாய் தவறிச் சொல்லுகிற பிரதேசம் இது. 1993-ல் அந்த ஜில்லா இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. கண்டாச்சிபுரம் இப்போது ஒரு தாலுகாவின் தலைநகரம். சுற்றிலும் செம்மண் மேடுகள். மேடுகளுக்கு நடுவே பனைமரங்கள். பனைகளுக்குப் பின்னால், யாரோ ராட்சசக் குழந்தைகள் அடுக்கி விளையாடிவிட்டு அப்படியே விட்டுப்போனாற் போன்ற பாறைக் குன்றுகள். ஊரில் இராமநாதீஸ்வரர் கோயில் கொண்டிருக்கிறார். பெயரைக் கேட்டதுமே இராமேசுவரம் நினைவுக்கு வரும். கடலும் இல்லை, சேதுவும் இல்லை. பாறையும் வெயிலும் காற்றுந்தான். பக்கத்தில் கீழ்வாலை என்னும் கிராமத்தின் பாறைகளில், சரித்திரத்துக்கு முற்பட்ட மனிதர்கள் செங்காவியால் தீட்டிய சித்திரங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் உத்தேசத்துடன்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம்.

இவ்வூர்க் கடலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சாவூர்க்காரர் வேர்க்கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். இது என்ன புதுப் பெயர் என்று முதலில் திகைத்தோம். விசாரித்தால் விஷயம் சுவாரசியமாக இருந்தது. மணிலாக் கொட்டை என்பதுதான் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. கடலைச் செடியின் பிறப்பிடமோ தென் அமெரிக்கா. அது மணிலாவின் பெயரைச் சுமந்துகொண்டு கப்பலேறி இங்கே வந்தது. இன்று செம்மண் காட்டில் களை எடுக்கிற கிழவியிடம் போய், "பாட்டி, இது அந்நிய தேசத்துச் சரக்கு" என்று சொன்னால் சிரிப்பாள். அவள் கையில் முளைத்து, அவள் வாயில் பெயர் மாறிவிட்ட பொருள் எப்படி அந்நியமாகும்?

இதே கேள்வி வேறொரு பொருளைப் பற்றியும் அன்றைய தினமே எழுந்தது. ஊர் முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் தகரக் கூரை வேய்ந்த பட்டறை. வெளியே ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அவற்றில் பெரும்பாலானவை இக்காலத்துப் புது வண்டிகள். உள்ளே, இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் மட்டும் ஒரு கிழட்டு யானை மண்டியிட்டாற் போல ஒரு பழைய புல்லட் நின்றிருந்தது. பெட்ரோல் டாங்க்கைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அதன் கறுப்பு வர்ணம் வெயிலில் வெளிறியிருந்தது. 1978-ஆம் வருஷத்து வண்டி என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் கறுப்பு மை. அவருடைய தகப்பனார் கிணற்று மேடுகளில் ஆயில் இஞ்சின் பழுது பார்த்தவராம். இரவு வயலில் இஞ்சின் நின்றுவிட்டால், அரிக்கன் விளக்கும் ஸ்பானர் பையுமாகப் போவார். பிள்ளை விளக்குப் பிடிப்பான். அந்த வெளிச்சத்தில்தான் இவர் பிஸ்டன் என்றால் என்ன, வால்வு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார். பிறகு புதுச்சேரியில் ஒரு பட்டறையில் சில வருஷம் வேலை. ஊர் திரும்பிய பின் இந்த வேப்பமரத்தை விட்டு அவர் நகரவில்லை.

வண்டிக்கு உடையவர் பக்கத்துக் கிராமத்துக் குடியானவர், நாற்பது வயதிருக்கும். புல்லட் அவருடைய தகப்பனாருடையது. அவர் காலமான பிறகும் சில வருஷம் ஓடியது. ஒரு நாள் மல்லாட்டை மூட்டையுடன் வேட்டவலம் சந்தைக்குப் போகும் வழியில் இஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேலாக மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. பழைய வண்டிகளைச் சேகரிக்கிற பட்டணத்துக் கனவான் ஒருவர், நின்ற நிலையிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தொகை அலட்சியம் செய்யக்கூடியதல்ல. வீட்டில் மகளுக்குக் கல்லூரிச் செலவு காத்திருந்தது. மகன் விற்றுவிடத் துணிந்தார். தாயாரோ கூடாது என்றார்.

"அம்மா விக்க வேணாங்குது, அண்ணே. ஓட வைக்க முடியுமான்னு பாரு, முடியாதுன்னா அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லுது."

"இப்பவே ஒண்ணும் பேசாதே, தம்பி. தொறந்து பாப்போம். அடி வவுறு நல்லா இருந்தா வண்டி உன்னுது. வெடிச்சிருந்தா அந்தப் பட்டணத்துக்காரருக்கே போன் போட்டுடு" என்றார் பட்டறைக்காரர்.

அடி வயிறு என்று அவர் சொன்னது கிராங்க் கேஸை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இஞ்சின் எண்ணைப் பொறித்திருப்பது அந்த அலுமினியக் கூட்டின் மேல்தான். பதினைந்து வருஷம் கடந்த சொந்த வண்டிகளுக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரி குனிந்து பார்ப்பது அந்த எண்ணைத்தான். பிஸ்டன் போனால் பிஸ்டன் மாற்றலாம். சிலிண்டர் போனால் சிலிண்டர் மாற்றலாம். கூடு வெடித்து வேறு கூடு மாட்டினாலோ, காகிதத்திலுள்ள வண்டியும் கண் முன்னுள்ள வண்டியும் வேறு வேறாகிவிடும். பிறகு அந்த முடிச்சை அவிழ்க்க ஆபீசுக்கு ஆபீசு அலைய வேண்டியதுதான்.

கீழ்வாலைச் சித்திரங்கள் பல்லாயிரம் வருஷம் காத்திருந்தவை. இன்னும் ஒரு நாள் காத்திருக்கமாட்டாவா? நாம் வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டோம்.

கூட ஒரு பையன் இருந்தான், ஐ.டி.ஐ. படித்தவன். பட்டறைக்காரர் ஒரு பழைய துணிச் சுருளை அவிழ்த்தார். அதில் தனி ஜாதி ஸ்பானர்கள். இந்தக் காலத்து மில்லிமீட்டர் ஸ்பானர்கள் இந்த வண்டியின் பல மரைகளுக்குப் பொருந்தா. இங்கிலாந்தின் பழைய அங்குலக் கணக்கில் வெட்டிய மரைகள் அவை. கழற்றிய ஒவ்வொரு நட்டும், வாஷரும், கழற்றிய வரிசையிலேயே ஒரு சாக்கின் மேல் பரப்பப்பட்டன. கல்யாண வீட்டில் பாத்திரம் எண்ணி வாங்குகிறவரைப் போல, பையன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி வைத்தான்.

முதலில் எண்ணெயை வடித்தார்கள். வடியவில்லை, தார் மாதிரி நூலாக இறங்கியது. அதைப் பார்த்ததுமே பட்டறைக்காரரின் முகம் சற்று மாறியது. கார்பரேட்டரும் புகைக் குழாயும் கழன்றன. ராக்கர் மூடிகளைத் திறந்து, புஷ் ராடு இரண்டையும் உருவி, ஹெட்டைத் தூக்கினார்கள். பிறகு சிலிண்டர் மேலே வர மறுத்தது. வலிந்து இழுக்கவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு, எல்லாரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து மரச் சுத்தியால் நான்கு புறமும் மெள்ளத் தட்டித் தட்டி அசைத்ததில், பெருமூச்சு விட்டாற் போன்ற ஓசையுடன் சிலிண்டர் எழுந்தது. பிஸ்டனின் ஒரு பக்கம் முழுவதும் நகத்தால் பிறாண்டினாற் போன்ற கோடுகள். வளையங்களில் ஒன்று பள்ளத்திலேயே ஒட்டிப்போயிருந்தது.

அடுத்து பட்டறைக்காரர் செய்த காரியம் நம்மை மிகவும் கவர்ந்தது. கனெக்டிங் ராடை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு விரலால் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். நாடி பார்க்கிற வைத்தியர் முகம் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. பையனையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். "பக்கவாட்டிலே ஆடினா ஆடட்டும். மேலே கீழே லொடக்குன்னு சொல்லுதா பாரு." பையன் பார்த்துவிட்டு, "சொல்லுது, மாமா" என்றான்.

இந்த இடத்தில் வாசகர்களுக்குச் சிறிது விளக்கம் தேவை. மற்ற மோட்டார் சைக்கிள் இஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் ராடின் அடிப்பக்கம் சிறு உருளைகளின் மேல் சுழலும். பழைய புல்லட்டில் உருளை கிடையாது. ராடுக்கும் கிராங்க் ஊசிக்கும் இடையே ஒரு வளையம், இரண்டு பக்கமும் ஒட்டாமல் மிதக்கும். மெலிந்த கையில் தளர்ந்த வளையல் சுழலுவது போல, எண்ணெய்ப் படலத்தின் மேல் தானும் சுழலும். எண்ணெய் ஒழுங்காகப் போகிறவரையில் இந்த ஏற்பாடு வெகு காலம் உழைக்கும். எண்ணெய் நின்றால், அந்த வளையல்தான் முதல் பலி.

எண்ணெய் ஏன் நின்றது? பதில் வலப்பக்க மூடிக்குள் இருந்தது. அங்கேதான் இரண்டு பம்புகள்: ஒன்று எண்ணெயை இஞ்சினுக்குள் அனுப்புவது, மற்றொன்று கீழே சேர்ந்த எண்ணெயைத் திரும்ப அதன் அறைக்குக் கொண்டுவருவது. கிராங்க்கின் முனையிலுள்ள புழு போன்ற ஒரு திருகு இவ்விரண்டையும் இயக்குகிறது. மூடியைத் திறந்ததும் எண்ணெய் வடிகட்டி கையோடு வந்தது. கம்பளிபோல் மெத்தென்று இருக்க வேண்டியது, வெல்லப் பாகில் தோய்ந்து காய்ந்த கட்டியாக இருந்தது. எண்ணெயை மாற்றாமலே வருஷக்கணக்கில் ஓட்டியதன் பலன். குடியானவர் அதை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

பையன் அந்தப் புழுத் திருகில் ஸ்பானரை வைத்து வழக்கமான திசையில் ஓங்கி அழுத்தப் போனான். "டேய்!" என்று ஒரு சொல். பையன் கை அப்படியே நின்றது. உலகத்து நட்டெல்லாம் எந்தப் பக்கம் கழலுமோ அதற்கு நேர்மாறான பக்கம் கழலுவது அது. சங்கிலே வலம்புரி அபூர்வம். இந்த இஞ்சினிலோ இடம்புரி அபூர்வம். தெரியாமல் பலத்தைக் காட்டினால் கிராங்க்கின் முனை முறிந்துவிடும். இத்தகைய ரகசியங்களை அச்சுப் புஸ்தகத்திலும் போட்டிருக்கிறார்கள்தான். ஆனால் கை ஓங்குகிற அந்தக் கணத்தில் தடுப்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

சாயங்காலத்துக்குள் கிளட்ச், பிரைமரிச் செயின், மேக்னெட் எல்லாம் கழன்று, இஞ்சின் சட்டத்தை விட்டு வெளியே வந்தது. கூட்டை இரண்டாகப் பிளந்தார்கள். இனிமேல்தான் தீர்ப்பு. பட்டறைக்காரர் அலுமினியக் கூட்டைப் பெட்ரோலில் கழுவி, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் ஊறவைத்து, துடைத்து உலர்த்தினார். பிறகு பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைப் பொடி செய்து தூவினார். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு காட்டிவிடும். கோடி ரூபாய் யந்திரங்களால் செய்கிற சோதனையை அரையணாச் சாக்பீஸ் செய்தது. நாம் நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"வவுறு நல்லாருக்கு. அம்மாகிட்ட சொல்லு" என்றார் பட்டறைக்காரர்.

சிலிண்டரும் கிராங்க்கும் மறுநாள் விழுப்புரம் லேத்துப் பட்டறைக்குப் போக வேண்டும். திரும்பி வரப் பத்து நாளாகும். பூட்டுகிற நாளன்று தகவல் அனுப்புமாறு கேட்டுக்கொண்டு நாம் புறப்பட்டோம்.

இந்தப் புல்லட்டின் பூர்வோத்தரமும் மல்லாட்டையின் கதையைப் போன்றதுதான். ராயல் என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த கம்பெனி. 1901-லேயே மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. புல்லட் என்ற பெயர் 1932-ல் வந்தது. நமக்குத் தெரிந்த உருவத்து 350 புல்லட், இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின், 1949-ல் விற்பனைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் ராணுவம் கரடுமுரடான எல்லைப் பாதைகளுக்கு இதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஏற்பட்டது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யலானார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-க்குள் இங்கிலாந்தில் அந்தத் தொழிலே முடிந்துபோயிற்று. திருவொற்றியூரில் முடியவில்லை. 1977-ல் அங்கே செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! இந்தச் சமாசாரத்தைச் சொல்லுகையில் நமக்குச் சற்று மார்பு விரிகிறது என்பதை மறைப்பானேன்?

ஆனால் மார்பு விரிவதோடு நின்றுவிடலாகாது. தொழிற்சாலை நம் மண்ணில் இருப்பதாலேயே யந்திரம் நம்முடையதாகிவிடுமா? கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவின் கதையை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. கிராமத்து வழியே ஒரு வெள்ளைக்கார ரெவினியூ அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டி! அதே நினைவாகக் கோயமுத்தூருக்குப் போய், ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் செய்த முதற் காரியம், அதை அக்கு அக்காகக் கழற்றி மறுபடியும் பூட்டியது. பின்னால் 1920-ல் அவர் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டதும், 1937-ல் நம் நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்வதில் முன்னின்றதும், அந்தக் கழற்றலிலிருந்து கிளைத்தவை என்பது நம் அபிப்பிராயம்.

காந்தியடிகள் யந்திர விரோதி என்று பேசுகிறவர்கள் உண்டு. 1924-ல் இதுபற்றி ஒரு மாணவர் கேட்டபோது, தையல் மெஷினுக்கு அவர் விலக்கு அளித்தார். யந்திரம் மனிதனுடைய அங்கங்களை வாடச் செய்யக்கூடாது என்பதே அவருடைய கவலை. கண்டாச்சிபுரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது இந்த விலக்கு நம் நினைவுக்கு வந்தது. கிராமத்தான் திறந்து, காரணம் கண்டு, மறுபடி மூடக்கூடிய யந்திரத்தில், வாடும் அங்கம் எதுவும் இல்லையே!

இதற்காகப் பழைய புல்லட்டை ஆகாயத்தில் தூக்கி வைக்க வேண்டாம். அது எண்ணெய் ஒழுகும், புகை கக்கும், ஓட்டுகிறவனுடைய காலை உதைத்துப் பதம் பார்க்கும். அந்த வார்ப்பிரும்பு இஞ்சினைச் செய்வதை 2010-ஐ ஒட்டிக் கம்பெனி நிறுத்திக்கொண்டது. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வேலை கார்பரேட்டரிடமிருந்து கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. காற்றுச் சுத்தமாவது நல்லதே. அதே பட்டறையில் ஐ.டி.ஐ. பையன், புது வண்டியொன்றின் வயரில் ஒரு சிறு பெட்டியைச் சொருகி, திரையில் தோன்றிய எண்ணைப் படித்துக் கோளாறு இன்னதென்று சொன்னதையும் பார்த்தோம். அது அவனுக்குத் தெரிந்த வித்தை, பெரியவருக்குத் தெரியாது. பெரியவரும் வெட்கப்படாமல், "அது என்னடா சொல்லுது?" என்று கேட்டுக்கொள்கிறார். குறை ஒன்றே ஒன்று: பெட்டி சொல்லுகிற பாகத்தை வாங்கி மாட்டலாமேயன்றி, அந்தப் பாகத்தைத் திறந்து பார்க்க வழியில்லை.

பதினைந்து நாளைக்கெல்லாம் தகவல் வந்தது. இம்முறை நாம் விடியற்காலையிலேயே போய்விட்டோம்.

சாக்கின் மேல் இப்போது எல்லாம் பளபளவென்று இருந்தன. புல்லட் 350-ன் சிலிண்டர் விட்டம் பிறவியில் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. கொள்ளளவு 346 சி.சி. இந்தச் சிலிண்டரை முன்பே ஒரு முறை கால் மில்லிமீட்டர் குடைந்திருந்தார்கள். இப்போது அரை மில்லிமீட்டருக்குக் குடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் வாங்கியிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கொள்ளளவு 351-க்கு வருகிறது. வியாதியில் விழுந்து எழுந்தவர் சற்றுப் பருத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் முக்காலுக்கும் ஒன்றுக்கும் இடமிருக்கிறது. அதன் பிறகு புதுச் சட்டை போட வேண்டும். கிராங்க்கில் புது வளையம் ஏறியிருந்தது. பட்டறைக்காரர் மறுபடியும் இரண்டு விரலால் ராடைப் பிடித்து அசைத்துப் பார்த்து, பையன் கையில் கொடுத்தார். இம்முறை லொடக் இல்லை.

கழற்றுவதற்கு ஒரு பகல் போதும். பூட்டுவதற்கு அவசரம் கூடாது. வளையங்களைச் சிலிண்டருக்குள் வைத்து, வாயின் இடைவெளியைத் தகட்டால் அளந்தார்கள். மூன்று வளையங்களின் வாயும் ஒரே நேரில் வராதபடி திருப்பி வைத்தார்கள். நேராக இருந்தால் அந்த வழியாக அழுத்தம் நழுவிவிடும். வால்வுகளைப் பசை தடவித் தேய்த்து, ஹெட்டைக் கவிழ்த்துப் பெட்ரோல் ஊற்றி, ஒரு சொட்டாவது கசிகிறதா என்று பார்த்தார்கள். பல்சக்கரங்களில் தொழிற்சாலையில் இட்ட புள்ளியும் கோடும் உண்டு. புள்ளிக்குப் புள்ளி, கோட்டுக்குக் கோடு சேர வேண்டும். ஒரு பல் தப்பினாலும் வால்வு வேறு தாளம் போடும். இதைப் பையனே தனியாகச் செய்தான். பெரியவர் திரும்பி நின்று பீடி பற்ற வைத்தார். ஆனால் பீடியை இழுக்கவில்லை. அது விரலிடுக்கில் அணைந்துபோயிற்று.

"சேந்துச்சா?"

"சேந்துச்சு, மாமா."

அவர் வந்து, கிராங்க்கை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் அசைத்தார்.

புஷ் ராடைச் சரி செய்வதற்கு அளவுத் தகடு கிடையாது. இஞ்சின் குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் உச்சியில் நிற்கையில், விரலால் உருட்டினால் உருள வேண்டும். மேலும் கீழும் அசையக்கூடாது. அவ்வளவுதான் விதி. பாயிண்டுக்கு மாத்திரம் தகடு: அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. பட்டறைப் பேச்சில் 15 தௌ. விரலும் தகடும் ஒன்றையொன்று அறிந்த இடத்தில் வேலை நடந்தது.

பிற்பகல் மூன்று மணிக்குப் புது எண்ணெய் ஊற்றினார்கள். சாவியைத் திருப்பினார்கள். புல்லட்டை உதைப்பதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு. அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெள்ள அமுக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து ஒரு மயிரிழை தாண்டச் செய்ய வேண்டும். பிறகு லீவரை விட்டுவிட்டு, முழு மூச்சாக ஓர் உதை. பையன் உதைத்தான். ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஐந்து. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களில் ஒருவர், "பட்டணத்துக்காரருக்கே கொடுத்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார். குடியானவர் முகம் சுண்டிவிட்டது. பட்டறைக்காரர் பாயிண்டுத் தட்டை நெல்லளவு திருப்பி முடுக்கினார். "தம்பி, நீயே வந்து ஒதை. ஒங்க அப்பாரு வண்டி."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இரண்டாவது உதையில் ஒரு வெடி, மூன்றாவதில் டப்... டப்... டப்... என்று, ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தச் சத்தம் எழுந்தது. பையன் ராக்கருக்கு எண்ணெய் ஏறும் குழாயின் மரையைச் சற்றுத் தளர்த்திக் காட்டினான். அங்கே எண்ணெய் துளிர்த்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் பெரியவர் சிரித்தார்.

முதல் 500 கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. 500 ஆனதும் எண்ணெயை மாற்ற வண்டியுடன் வந்து நிற்க வேண்டும். வடிகட்டியை மறந்தால் இந்தப் பக்கமே வரக்கூடாது. இவ்வளவும் கட்டளைகள். பணம் எண்ணிக் கொடுத்தாயிற்று. பாதி இப்போது, பாதி மல்லாட்டை விற்ற பிறகு. பிறகு பையன் பழைய பிஸ்டனையும், தேய்ந்த வளையத்தையும், கட்டியாகிப்போன வடிகட்டியையும் ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினான். மாற்றிய பாகங்களை உடையவரிடமே கொடுத்துவிடுவது அந்தப் பட்டறையின் வழக்கம்.

"இது எதுக்கு, தம்பி?" என்றார் குடியானவர்.

"வீட்ல பெரியம்மா கேப்பாங்க இல்ல, அண்ணே. காட்டுங்க."

அவர் பொட்டலத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். வண்டி வேட்டவலம் ரஸ்தாவில் ஏறி, நாற்பதுக்குள்ளாகவே, பனைமரங்களைத் தாண்டிப் போயிற்று.